மூன்று முறை எழுதி அனுப்பு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதியம் ஆறாவது பீரியட். எட்டாம் வகுப்பு 'பி'யில் இங்கிலீஷ் மாதத் தேர்வு விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் அக்கா கதவருகில் வந்து, "பெர்லின் டீச்சர், மெட்ராஸ்ல இருந்து உங்களுக்கு போனு. செல்ல எடுக்க மாட்டேங்குதியளாம்" என்றார். வகுப்பில் செல்லை அணைத்து வைப்பது எங்கள் பள்ளிச் சட்டம். நான் சட்டத்தை மீறுகிறவள் இல்லை.

கப்பலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி. பேசியவர் பெயர் வரதன். "மேடம், பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். ஆபீஸ் அக்கா இருக்கிறார், சொல்லுங்கள் என்றேன்.

இன்று காலை கப்பல் நேரம் ஆறு நாற்பதுக்கு, ஓமனுக்குக் கிழக்கே, முன்பக்க டெக்கில், அதாவது திறந்த மேல்தளத்தில், அலை அடித்து என் வீட்டுக்காரர் கிளீட்டஸ் கடலில் விழுந்துவிட்டாராம். கூட இருந்த இருவர் கம்பியைப் பிடித்துத் தப்பிவிட்டார்கள். தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

கிளீட்டஸ் மெஸ்மேன். ஆபீசர்களுக்குச் சாப்பாடு பரிமாறுவது, தட்டு கழுவுவது, கேபின் கூட்டுவதுதான் வேலை. மெஸ்மேனுக்கு டெக்கில் என்ன வேலை என்று யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பள்ளியை விட்டு வந்தேன். மாமியிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. மாமனார் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர். அதனால் ஒற்றைப் பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்ப மாமி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கப்பலுக்கு உள்ளேயே இருக்கிற வேலையாக இருக்க வேண்டும்.

"பொய் சொல்லுதானுவ" என்றார் மாமி. "எம்மவன் அடுப்படிய விட்டு வெளிய தலைய நீட்ட மாட்டான். எந்தலைல அடிச்சு சத்தியம் பண்ணிட்டுத்தான் ஏறினான். அது வேற எவனாச்சும் கிளீட்டஸா இருக்கும். நீ நல்லா கேட்டியா ஏட்டி?"

நல்லாக் கேட்டேன் என்று சொன்னேன்.


ஆகஸ்ட் 13, புதன்

தேடுகிறார்கள். குழாயில் இன்று தண்ணீர் முறை. பன்னிரண்டு குடம் பிடித்தேன்.


ஆகஸ்ட் 14, வியாழன்

கம்பெனியிலிருந்து இமெயில் வந்தது. ஏழு வரி. அதில் இரண்டு பிழை இருந்தது. பிரிண்ட் எடுத்து பென்சிலால் வட்டமும் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. இந்தக் கையை என்ன செய்வது? கல்யாணப் பத்திரிகையில் பிழை இருந்தாலும் திருத்தும், இரங்கல் போஸ்டரில் இருந்தாலும் திருத்தும்.

கிளீட்டஸ் இதை வைத்துத்தான் என்னைக் கேலி செய்வார். "ஏ டீச்சரு, நீ மோட்சத்துக்குப் போனாலும் சாவியோட நிக்க ராயப்பர் வாசல்ல எழுதியிருக்க போர்டத் திருத்திட்டுத்தான் உள்ள போவ" என்பார். அவர் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவர். ஆனால் ஆபீசராக வேண்டும் என்று ஆசை. அதற்கு முதலில் டெக்கில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும், அப்புறம் பரீட்சை. பரீட்சையில் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள். எல்லாம் இங்கிலீஷ்.

கல்யாணமான நாலாவது மாதமே எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். கப்பலில் இருக்கும்போது மெசேஜ் எல்லாம் இங்கிலீஷில்தான். அவர் எழுதுவார், நான் திருத்துவேன், திருத்தியதை மூன்று முறை எழுதி அனுப்புவார். தமிழில் எழுதினால் பதில் கிடையாது. விளையாட்டாக ஆரம்பித்ததுதான். அவரும் ஆசைப்பட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

அவருக்கு எப்போதும் தகராறு 'மேக்', 'லெட்' என்ற இரண்டோடுதான். நமக்கு விருப்பமில்லாததை இன்னொருவர் செய்ய வைத்தால் மேக். நாம் விரும்பியதைச் செய்ய விட்டால் லெட். வைப்பதும் விடுவதும்தான் வித்தியாசம், இவ்வளவுதான் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். போன தடவை கப்பலில் இருந்து, "கேப்டன் லெட் மீ கிளீன் டாய்லெட்" என்று எழுதியிருந்தார். "கக்கூஸ் கழுவ கேப்டனிடம் ரொம்பக் கெஞ்சினீர்களோ?" என்று கேட்டேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மை அனுப்பினார். பிறகு மூன்று முறை 'மேக்' போட்டு எழுதியும் அனுப்பினார்.

அதை நினைத்து இன்று சிரித்துவிட்டேன். மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று மரியன்னை விண்ணேற்பு. பள்ளியில் சுதந்திர தினக் கொடியேற்றமும் இன்றுதான். இரண்டுக்கும் போகவில்லை.

மாலையில் வரதன் போன் செய்தார். தேடுதலை 'சஸ்பெண்ட்' செய்திருக்கிறார்களாம். மாமியிடம் நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"நிறுத்திட்டாங்களா, நிறுத்தி வச்சிருக்காங்களா?" என்று கேட்டார் மாமி. கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷி. என் வகுப்பில் ஒரு பிள்ளையும் இவ்வளவு துல்லியமாகக் கேட்காது.

"நிறுத்தி வச்சிருக்காங்க மாமி."

"அப்பம் திரும்ப ஆரம்பிப்பானுவ" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனார்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

கிளீட்டஸ் பேரில் பூசை வைக்க, பூசைக் கருத்து எழுதப் போனோம். கோயில் ஆபீசில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "நல்லபடியா வரணும்னு எழுதவா, ஆன்ம இளைப்பாற்றின்னு எழுதவா?" என்று கேட்டார்கள். அந்தப் பதிவேட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பக்கம், இறந்தவர்களுக்கு வேறு பக்கம்.

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். பேரை மட்டும் எழுதுங்கள், கருத்து வேண்டாம் என்றேன். அப்படி எழுத வழக்கம் இல்லையாம். எழுதாமலே திரும்பி வந்தோம்.

வழியில் மாமி, "கடைசியா உங்கிட்ட என்ன எழுதினான்?" என்று கேட்டார். வழக்கமாக எழுதுவதுதான் என்றேன்.


ஆகஸ்ட் 21, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. செல்லில் வருகிற நம்பரை டெலிவரிக்காரரிடம் சொல்ல வேண்டும். செல்லைத் திறந்தால் கிளீட்டஸ் பெயர் மேலேயே நிற்கிறது. கடைசி வரி 'ஓகே டீச்சர்' என்பது திறக்காமலே தெரிகிறது. அதற்கு மேலே போகவில்லை.


ஆகஸ்ட் 25, திங்கள்

பள்ளிக்குப் போய்விட்டேன். வீட்டில் உட்கார்ந்து மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாடத்திட்டம் யாருக்காகவும் நிற்காது. எட்டாம் வகுப்புக்கு இந்த வாரம் என்ன பாடம் என்று பார்த்தால் மேக், லெட். இதற்கு யாரைத் திட்டுவது?

எடுத்தேன். ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். அம்மா பாகற்காய் சாப்பிட வைக்கிறாள், அப்பா சைக்கிள் ஓட்ட விடுகிறார் என்று எல்லாம் சரியாகத்தான் சொன்னார்கள். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் ரெக்ஸலின் கையைத் தூக்கினாள்.

"மிஸ், முதல்ல நாமதான் ஆசையா கேட்டோம். அப்புறம் அன்னைக்கு பயமா இருக்குன்னு வேண்டாம்னு சொல்லுதோம். ஆனா, நீதான கேட்ட, போன்னு அனுப்புதாங்க. அது மேக்கா லெட்டா மிஸ்?"

எங்கே கேள்வி கேட்கிறாள் பாருங்கள். டான்ஸில் சேர்க்கச் சொல்லி அவளே கேட்டாளாம், ஆண்டு விழா மேடையைக் கண்டதும் உதறல் எடுத்ததாம், பி.டி. மிஸ் தள்ளிவிட்டார்களாம். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

மேக் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதிலில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் "அடுத்த வாக்கியம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். பதினோரு வருஷ சர்வீஸில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் நகர்ந்தது இதுதான் முதல் தடவை.


செப்டம்பர் 3, புதன்

வரதன் நேரில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல மனுஷன்தான். மாமி கொடுத்த காப்பியை முழுவதும் குடித்தார். கம்பெனியின் விசாரணை அறிக்கையைக் கொண்டுவந்திருந்தார். பதினான்கு பக்கம். நானும் மாமியும் படித்துப் பார்த்து ஒத்துக்கொண்டதாகக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நஷ்டஈட்டுப் பணம் எப்படியும் வந்துரும் மேடம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இது ரெக்கார்டுக்குத்தான்" என்றார்.

ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. கிளீட்டஸ் தன் சொந்த விருப்பத்தின் பேரில், தானே கேட்டுக்கொண்டபடி, டெக்குக்குப் போனார். அன்று கடல் மோசம் என்று தெரிந்தும் போனார். யார் மீதும் தவறு இல்லை.

அதற்கு ஆதாரமாக இரண்டு இணைப்பு. ஒன்று, ஜூலை மாதம் டெக் வேலைக்குப் பொறுப்பான சீஃப் ஆபீசருக்கு அவர் கொடுத்த கடிதம். தன்னை டெக்கில் வேலை செய்ய விடும்படி கேட்டு எழுதியது. "ரொம்ப நல்ல இங்கிலீஷ் மேடம் இது. மெஸ்மேன் எழுதினதுன்னு சொல்லவே முடியாது" என்று வரதன் பாராட்டினார். மெஸ்மேன் எழுதவில்லை. காற்புள்ளி உட்பட நான் எழுதியது. மாமிக்குத் தெரியாமல் எழுதியது.

இன்னொன்று அவருடைய செல்லிலிருந்து எடுத்த படம். சாப்பாட்டு அறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாராம். முந்தின நாள் சாயங்காலம் மனைவிக்கு அனுப்பியது என்று கீழே போட்டிருக்கிறது. ஒரே வாக்கியம் மூன்று முறை இருக்கிறது. சீஃப் ஆபீசர் என்னை டெக்குக்குப் போக விடுகிறார். சீஃப் ஆபீசர் என்னை டெக்குக்குப் போக விடுகிறார். சீஃப் ஆபீசர் என்னை டெக்குக்குப் போக விடுகிறார்.

"எவ்வளவு சந்தோஷமா இருந்திருந்தா மூணு தடவை எழுதியிருப்பார்" என்றார் வரதன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

காப்பி டம்ளரை எடுக்க வந்த மாமி, "அந்தக் காயிதத்துல என்னட்டி எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"விசாரிச்சிட்டு இருக்காங்கன்னு எழுதியிருக்கு மாமி."

வரதன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள், பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.


செப்டம்பர் 4, வியாழன்

ஆசிரியர் தின விழாவுக்கு வரவேற்புரை எழுதிக் கொடுத்தேன்.


செப்டம்பர் 6, சனி

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அந்தக் கப்பலில் சமையல்காரராக இருக்கும் அருள்ராஜ், கடலூர்க்காரர். ஏதோ துறைமுகத்தில் இறங்கி, வெளியே ஒரு கடையிலிருந்து பேசினார். மாமி மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை மறப்பதற்குள் இங்கே எழுதி வைக்கிறேன்.

"தங்கச்சி, மனசு கேக்கல, அதான் பேசறேன். முந்தின நாளு டெக் பசங்க ரெண்டு பேரு காய்ச்சல்ல படுத்துட்டானுங்க. முன்னால ஏதோ கட்டு அவுந்துபோச்சுன்னு காலையில கட்டணும். ஆளு இல்ல. சீஃப் ஆபீசர் மெஸ்ஸுக்கு வந்து, நீதான டெக் வேலை வேணும்னு லெட்டர் குடுத்த, காலையில வாடான்னாரு. கிளீட்டஸ், சார் இன்னிக்கு கடல் சரியில்ல, கடல் அடங்கட்டும், அப்புறம் எந்த வேலைன்னாலும் செய்யறேன்னான். என் காதால கேட்டேன். அவரு அந்த லெட்டர எடுத்தாந்து டேபிள் மேல போட்டு, இது உன் கையெழுத்துதான? இப்ப வரலன்னா இனிமே டெக் வேலைன்னு பேச்சே எடுக்கக் கூடாதுன்னாரு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாயங்காலம் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். என்னடா பண்ணப் போறன்னேன். டீச்சர்கிட்ட சொல்லியிருக்கேண்ணே, என்ன சொல்லுதான்னு பாப்போம்னான். கொஞ்ச நேரம் போனையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் ஏதோ டைப் அடிச்சான். சார்ஜுல போட்டுட்டு தட்டு கழுவப் போயிட்டான். நீ என்ன தங்கச்சி சொன்ன?"

"அண்ணா, இதை நீங்க எழுத்துல கொடுப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நான் இன்னும் அஞ்சு மாசம் இந்தக் கப்பல்லதான் இருக்கணும். அதே ஆபீசருக்குத்தான் சோறு போடறேன். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க தங்கச்சி" என்றார். அழுதார். நானும் அழுதேன். இந்த இருபத்தைந்து நாளில் முதல் தடவையாக அழுதேன். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?


செப்டம்பர் 7, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று செல்லைத் திறந்து மேலே போனேன். இந்த நோட்டில் எழுதாமல் இதுவரை சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். இனிமேல் சுற்ற இடம் இல்லை.

ஆகஸ்ட் 11, சாயங்காலம் ஏழே முக்கால் மணி. எட்டாம் வகுப்புத் தாள் நாற்பத்திரண்டும் மேசையில் இருந்தது. மறுநாள் கொடுத்தாக வேண்டும். மெசேஜ் வந்தது. "டுமாரோ மார்னிங் சீஃப் ஆபீசர் மேக் மீ கோ டெக். வேவ் பிக்."

படித்தவுடன் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் டெக் வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். என் கடிதம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். அப்படியானால் அது லெட் அல்லவா? பழையபடி குழப்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். சிவப்பு மை கையோடு இருந்த நேரம். செல்லிலும் அதே கைதான்.

நான் அனுப்பியது இதுதான். மேக் என்றால் கட்டாயப்படுத்துவது, உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நீங்களே கேட்டு வாங்கியது, ஆகவே லெட். டெக்குக்கு முன்னால் 'டு தி' விட்டுவிட்டீர்கள். 'வேவ் பிக்' என்பது வாக்கியமே இல்லை, வினைச்சொல் எங்கே? 'தி வேவ்ஸ் ஆர் பிக்' என்று எழுத வேண்டும். முதல் வாக்கியத்தை மூன்று முறை எழுதி அனுப்புங்கள். வாழ்த்துகள்.

வாழ்த்துகள் என்றும் போட்டிருக்கிறேன்.

நான் அனுப்பியது ஏழு ஐம்பத்து மூன்றுக்கு. அவர் உடனே பார்த்திருக்கிறார், நீல டிக் விழுந்துவிட்டது. மூன்று வரியும் வந்தது எட்டு நாற்பதுக்கு. இடையில் நாற்பத்தேழு நிமிஷம். அந்த நேரத்தில் நான் பதினைந்து தாள் திருத்தினேன். மூன்று வரியையும் பார்த்து ஒரு டிக் குறி அனுப்பினேன். 'ஓகே டீச்சர்' என்று வந்தது. அவ்வளவுதான்.

நாலு வருஷத்தில் எத்தனை தடவை அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார். அன்றைக்குச் சரியாக எழுதியிருந்தார். சரியாக எழுதியதை நான்தான் அடித்தேன். அலை பெரிதாக இருக்கிறது என்று ஒரு மனுஷன் சொல்கிறான், நான் அவனுக்கு வினைச்சொல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் என்ன ஜென்மம்?


செப்டம்பர் 10, புதன்

கம்பெனிக்கு எழுதினேன். முழு மெசேஜையும் படம் எடுத்து இணைத்தேன். அவர் முதலில் எழுதியதுதான் உண்மை, மற்ற மூன்று வரியும் என்னுடைய தவறு, அவர் மறுத்துச் சொன்னதைக் கேட்டவர் கப்பலில் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன், எல்லோரையும் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று எழுதினேன். ஒரு பக்கக் கடிதத்துக்கு நாலு மணி நேரம் ஆனது. என் இங்கிலீஷ் மீது எனக்கே பயம் வந்துவிட்டது.

அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும். போனார் என்பதை அனுப்பப்பட்டார் என்று மாற்ற வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.


செப்டம்பர் 13, சனி

பதில் இல்லை. இட்லிக்கு அரைத்தேன். மாமி உளுந்தைக் கூடுதலாக ஊற வைத்துவிட்டார், மாவு பொங்கி வழிந்துவிட்டது.


செப்டம்பர் 15, திங்கள்

பதில் இல்லை. காலாண்டுத் தேர்வு ஆரம்பம். ரெக்ஸலினிடம் போய், "நீ அன்னைக்குக் கேட்டது மேக்" என்று சொன்னேன். எதைச் சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்கு நினைவில்லை. "தேங்க்யூ மிஸ்" என்றாள்.


செப்டம்பர் 18, வியாழன்

பதில் வந்தது. இந்தக் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. வக்கீல் எழுதியதாக இருக்கும். என் துயரத்தில் பங்குகொள்கிறார்கள். ஆனால் இறந்தவருக்கு அந்த இரண்டு சொற்களின் வித்தியாசம் தெளிவாகத் தெரியாது என்பதற்குப் பழைய மெசேஜ்களே சாட்சி. தகுதி பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் அந்தச் சொல்லைத் திருத்தி, காரணமும் விளக்கியிருக்கிறார். இறந்தவர் அந்த விளக்கத்தை ஏற்று மூன்று முறை உறுதிப்படுத்தியிருக்கிறார். ஆகவே அறிக்கையை மாற்ற அவசியம் எழவில்லை. கப்பலில் எல்லோரையும் விசாரித்தாயிற்று, மாறாக யாரும் சொல்லவில்லை.

கக்கூஸ் கழுவிய மெசேஜைக்கூட இணைத்திருக்கிறார்கள். நாங்கள் சிரித்தது எல்லாம் இப்போது அவர்கள் பைலில் இருக்கிறது.

வரதனுக்குப் போன் செய்து கத்தினேன். "சார், அவரு பயந்துதான் எழுதினாரு. நான் தப்பாத் திருத்திட்டேன். அதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "மேடம், உங்க திருத்தத்தை அவர் எப்பவாவது ஒரு தடவையாவது, இல்ல, நான் எழுதினதுதான் சரின்னு சொல்லியிருக்காரா?"

இல்லை. ஒரு தடவைகூட இல்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவர். அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது.


செப்டம்பர் 20, சனி

வரதன் காலை பதினொரு மணிக்கு வந்தார். மாமிதான் கதவைத் திறந்தார். கையெழுத்துப் பக்கத்தை எடுத்து வைத்து, மாமிக்காக மைப் பெட்டியும் எடுத்து வைத்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எங்கையி எதுலயும் படாது" என்றார் மாமி. "அவ சொல்ல மாட்டேங்கா. நீரு சொல்லும்."

வரதன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னார். தானே கேட்டு, தானே விருப்பப்பட்டு, கடல் மோசம் என்று தெரிந்தே மேலே போனார் என்று ஒன்பதாம் பக்கத்தை மெதுவாக, மரியாதையாகத் தமிழில் சொன்னார். மாமி முழுவதும் கேட்டார். முடிந்ததும் மைப் பெட்டியை மூடி அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"என் கைநாட்டு இதுல விழாது தம்பி."

"போடாட்டியும் ஒண்ணும் ஆகாதும்மா. முப்பது நாள்ல அதுவா குளோஸ் ஆயிடும்" என்றார் வரதன். சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மாமி உள்ளே வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். "இப்பம் சொல்லு" என்றார்.

சொன்னேன். ஜூலைக் கடிதம் நான் எழுதியது என்று சொன்னேன். டெக் வேலைக்கு ஆசைப்பட்டதை இரண்டு பேருமாகச் சேர்ந்து மறைத்தோம் என்று சொன்னேன். அருள்ராஜ் பேசியதைச் சொன்னேன். மாமியின் முகம் ஆடவில்லை.

"கடைசியா அவன் எழுதினத சொல்லு. தமிழ்ல சொல்லு."

"நாளைக்குக் காலைல சீஃப் ஆபீசர் என்னைய மேல போவ வைக்காரு. அலை பெருசா கிடக்கு. இதான் மாமி எழுதியிருந்தாக."

மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ என்ன சொன்ன?"

நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். போவ வைக்காரு என்பதை அடித்துவிட்டுப் போவ விடுதாரு என்று எழுதச் சொன்னேன் என்றேன். அலையையும் திருத்தினேன் என்றேன். வாழ்த்துச் சொன்னதையும் விடவில்லை. திட்டுவார், அடிப்பார், வீட்டை விட்டுப் போ என்பார் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"தமிழ்ல எழுதினா பதில் போட மாட்டேன்னு அவனுக்குச் சட்டம் போட்டிருந்தியாமே, அவன் சொன்னான். நெசந்தான?"

"ஆமா மாமி."

"அது அவனுக்கு. உனக்கு எந்தச் சட்டமும் இல்லையே? என்னாச்சு, ஏன் போறீயன்னு கேக்க உனக்குத் தமிழு இருந்துச்சுல்லா ஏட்டி?"

"இருந்துச்சு மாமி" என்றேன்.